ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மகன் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசி எறிந்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்திருக்கிற ஆள். குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து இங்கே வீட்டு விலை தரையில் நிற்பதில்லை. பந்தல்குடி ரோட்டில் ஒரு வீடு அவனுக்குப் பிடித்துப்போய், டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு தொகையைப் போனிலேயே அனுப்பியிருந்தான். வேறொருவர் கூடக் கொடுக்கிறேன் என்றதும் விற்கிறவர் பேச்சு மாறிவிட்டார். பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால் போனை எடுப்பதில்லை.

“வீடு தேடிப் போயி அவன் பல்லைக் கழட்டிட்டு வாரேன். வண்டிச் சாவி எங்க?” என்று கத்தினான். சாவி வைத்த இடத்தில் இல்லை. அலமாரியை உருட்டினான், மெத்தையைப் புரட்டினான், மருமகளைத் திட்டினான்.

மூலையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அக்கா, தலையைத் தூக்காமலே கேட்டாள். “ஏண்டா, பூட்டு எதுவும் போட்டுருக்கியா?”

“என்ன பூட்டு பெரியம்மா?” என்றான். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சுவரடியில் சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால் ஒரு பூட்டுக்கா இத்தனை ரகளை என்பார்கள். உங்களில் சிலர் அந்தப் பூட்டையே பார்த்திருக்கலாம். சிலர் அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றிருக்கவும் கூடும். நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு வாசியுங்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் நெசவுக்காரர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். அப்பா மட்டும் கோபம் வந்தால் வீட்டுக்குள்ளேயே தமிழுக்கு மாறிவிடுவார். அதனால் சின்ன வயதில் எனக்குத் தமிழ் என்றாலே முதுகில் அடுத்து அடி விழப்போகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் செய்யுள் சொல்லிக் கொடுக்கும்போதுகூட நான் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

வாடகை வீட்டில் தறி போட்டிருந்தோம். தறிச் சத்தம் தாங்கவில்லை, காலி செய் என்று வீட்டுக்காரர் நெருக்கினார். அடுத்த தெருவில் ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. திருச்சுழிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவருடையது. அவருடைய பூட்டன் காலத்தில் பருத்தி போட்டுவைக்கக் கட்டியதாம். தறி போட நல்ல கூடம், பாவு நூலை நீளமாக விரிக்க நேரான தெரு. அப்பாவுக்கு அந்த வீட்டைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. கடன் கேட்டு எழுதிப்போட்டாயிற்று. அது வருவதற்குள் வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க அச்சாரம் கொடுக்க வேண்டும். கையில் காசு இல்லை. இருந்தது அக்காவின் சங்கிலியும் தோடும் வளையலும். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

“கடன் வந்ததும் முதல் வேலையா மீட்டுருவேன்” என்றார் அப்பா. அக்கா தானே கழற்றி அம்மா கையில் வைத்தாள். சங்கிலி கிடந்த இடம் மட்டும் கழுத்தில் வெளுத்துக் கோடாகத் தெரிந்தது. ஆவணிக்குள் நகை திரும்ப வேண்டும், இல்லையென்றால் கல்யாணம் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தரகர்கள் காலி வீட்டுக்கு அச்சாரம் வாங்கும்போது ஒரு முறை வைத்திருந்தார்கள். விற்கிறவர் பூட்டு மேல் நாதாங்கியில் தொங்கும். வாங்குகிறவர் தன் பூட்டைக் கீழ் நாதாங்கியில் மாட்டுவார். பத்திரம் பதிகிற அன்று விற்கிறவர் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்கு முன்னால் வாங்குகிறவர் தன் பூட்டைத் திறந்தால், வீடு வேண்டாம் என்று ஆகிவிடும், அச்சாரம் போச்சு. விற்கிறவர் அந்தப் பூட்டை உடைத்தால், வாங்கின அச்சாரத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஊர் பார்க்கக் கதவில் தொங்குகிற இரண்டு பூட்டுதான் சாட்சி.

அப்பா புதுத் திண்டுக்கல் பூட்டு வாங்கிவந்தார். என் இரண்டு கையிலும் கொள்ளாத கனம். மஞ்சள் தடவி மாட்டினார்கள். சம்சாரியின் துருப்பிடித்த பூட்டுக்குக் கீழே அது பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சாவியை அப்பா அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

பங்குனி பிறந்ததும் பஞ்சு மில் முதலாளி ஒருவர் அந்த வீட்டைக் கேட்டார். எங்களைவிட வெகுவாகக் கூட்டிக் கேட்டார். சம்சாரிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அவருக்கு ஒரே மகன். இருபது வயது தாண்டிய முரடன், மீசையை முறுக்கியே தேய்த்தவன். அவன்தான் முதலில் வந்தான்.

“பூட்ட எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அச்சாரத்த அப்புறம் பாத்துத் தாரோம்” என்றான்.

“பத்திரத்துக்கு நாள் சொல்லுங்க. இல்ல, உடைச்சுட்டு இரட்டிப்பக் கொடுங்க” என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு யாரும் பேசவில்லை. கைதான் பேசியது.

முதலில் பாவு. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தோம். புளித்த கஞ்சி வாடையும் ஈர நூல் வாடையும் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. சம்சாரியின் மகன் சைக்கிளில் வந்தான், இறங்கினான், கேரியரில் இருந்த அரிவாளை எடுத்துப் பாவின் நடுவில் ஒரே வீச்சு. இழுத்துக் கட்டிய நூல் அத்தனையும் இரண்டு பக்கமும் சுருண்டு மண்ணில் விழுந்தது. உயிர் உள்ளது மாதிரி துடித்தது. அவன் அரிவாளைத் துடைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். ஒவ்வொரு நூலாக எடுத்து முடிபோட்டு அக்காவுக்கும் அம்மாவுக்கும் விரல் நுனி வெடித்தது.

அம்மா சொன்னாள்: “அச்சாரம் போனாப் போகுது. பூட்ட எடுத்துருங்க. இவுக கொல்லுற சாதிசனமா இருக்காக.” தமிழில் சொன்னாள், அப்பாவுக்கு உறைக்கட்டும் என்று. அப்பா தறியிலிருந்து, ஊடு நூல் ஓட்டுகிற நாடாவை எடுத்து எறிந்தார். இரும்பு முனை வைத்த நாடா. அம்மாவின் புருவம் பிளந்தது. காப்பித்தூள் வைத்து அடைத்தோம். சாகும்வரை அந்தப் புருவத்தில் முடி முளைக்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, பஞ்சுப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். தன் அக்காள் முகத்தைப் பார்த்தார். அடித்தது யார் என்று கேட்கவே இல்லை. நேரே பஸ் ஏறிச் சம்சாரியின் ஊருக்குப் போய், களத்தில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றல் அம்பாரத்துக்குத் தீ வைத்துவிட்டார். வற்றல் எரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே இருமியிருக்கிறது. ஆடு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. வைத்தவரும் தப்பவில்லை. கண் இரண்டும் வீங்கி, தும்மிக்கொண்டே திரும்பி வந்தார். “என்ன மாமா அழுகுறீங்க?” என்று கேட்டதற்கு என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். நாங்கள் வீட்டில் சிரித்தோம். அம்மாகூடத் தையல் போட்ட மாதிரி இருந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு குடும்பத்தின் வருசத்துப் பாடு எரிந்துபோனதற்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதை இப்போது நினைத்தால் வேறு யாரோ செய்தது போல் இருக்கிறது.

அதற்குப் பதில் பஸ் ஸ்டாண்டில் வந்தது. நூல் வாங்கிவிட்டு இறங்கின அப்பாவைச் சம்சாரியின் மகனும் அவன் கூட்டாளிகளும் பிடித்தார்கள். அவர் வலது கையைப் பஸ் படிக்கட்டில் விரித்து வைத்து, சம்சாரியின் மகன் ஜாக்கி லீவரால் அடித்தான். மூன்று விரல் போயிற்று. “இந்தக் கையாலதான பூட்டுன? இதே கையால தொறக்கணும்” என்றானாம். பஸ் நிறைய ஆள். டிரைவர் ஹாரன் அடித்தாராம், வண்டியை எடுக்க நேரமாகிறது என்று.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு அப்பா மூலையில் உட்கார்ந்தார். அக்கா தறியில் இறங்கினாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை மிதிப் பலகையை மிதித்தாள். என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். அவன் தெரு வழியாகச் சைக்கிளில் போனபோது மாடிச் சுவர் மறைவிலிருந்து கல் எறிந்தேன். காது கிழிந்தது. அன்றைக்கு மாமா எனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தார். அவனுக்கு நேர்ந்தது நேர்ந்த பிறகு அதற்காக வருத்தப்பட முயன்று பார்த்திருக்கிறேன். வரவில்லை.

சித்திரை உச்சி வெயில். தார் உருகி மணக்கிற நேரம். அடுத்த தெருவில் பெரிய சத்தம் கேட்டது. ஓடு நொறுங்குகிற சத்தம், அதற்கு மேல் ஒரு மனிதச் சத்தம். எல்லோரும் ஓடினோம்.

பூட்டைத் தொடாமல் வீட்டுக்குள் போக ஒரு வழி கண்டுபிடித்திருந்தான் சம்சாரியின் மகன். கூரை மேல் ஏறி ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி, அடுப்புப் பற்றவைத்துப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டால், வீடு இன்னும் தங்கள் கைவசம், தங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது என்று பஞ்சாயத்தில் சொல்லலாமாம். அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறான். உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது அவனுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பார்த்துப் பார்த்து அச்சாரம் கொடுத்த வீடு அது. உத்திரம் முறிந்து, ஓட்டோடு உள்ளே விழுந்தவன் மேல் அதுவும் விழுந்துவிட்டது. ஓர் ஆள் மேலே ஏறி எட்டிப் பார்த்தார். “நெஞ்சு மேல கெடக்கு. சீக்கிரம் கதவத் தொறங்க” என்று கத்தினார். அவர் காலடியிலும் ஓடு சரிந்தது, இறங்கிவிட்டார்.

மகனோடு வந்திருந்த சம்சாரி வாசலில் நின்றார். மேல் பூட்டைத் திறந்துவிட்டார். அதில் அவருக்கு நட்டம் இல்லை. கீழே எங்கள் பூட்டு. ஓடு நெம்பக் கொண்டுவந்த கடப்பாரை அவர் காலடியிலேயே கிடந்தது.

“பூட்ட எடுங்கய்யா” என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா அசையவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

“எடுக்காதீங்க மச்சான்” என்று மாமா குறுக்கே பாய்ந்தார். “எடுத்தா அச்சாரம் போச்சு, புள்ள கல்யாணம் போச்சு. கடப்பாரை அவுககிட்டத்தான இருக்கு? உடைக்கட்டும்.”

சம்சாரி குனிந்து கடப்பாரையை எடுத்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “நான் உடைச்சா நாளைக்கு இரட்டிப்புக் கேப்பீகளேடா” என்றார். அழுதுகொண்டே சொன்னார். ஆனால் சொன்னார்.

“ஏலே, உள்ள ஒரு உசுரு கெடக்கு” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சொன்னவரும் நின்ற இடத்தில்தான் நின்றார். யாராவது கை வைக்கப் போனால், அச்சாரம் பேசி முடித்த தரகர் தடுத்தார். “யாரும் தொடாதீங்க. தொட்டவுக இதுல ஒரு கட்சி ஆயிருவீக. நாளைக்குக் கோர்ட்டு, கச்சேரின்னு அலையணும்.” வைக்கப் போன கைகள் பின்னால் போயின.

உள்ளே அவன் தண்ணி கேட்டான். சத்தமாகக் கேட்டான், பிறகு சின்னதாகக் கேட்டான். அரிவாளை வீசின அதே ஆள், ஜாக்கி லீவரைத் தூக்கின அதே ஆள், ஆத்தா ஆத்தா என்று பிள்ளை மாதிரிக் கூப்பிட்டான். வெளியே மாமாவும் சம்சாரியும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, நீ திற, நீ உடை என்று கத்தினார்கள். மாமா அவரைக் கதவோடு சேர்த்து மோதினார். அவர் மாமாவின் தொண்டையைப் பிடித்தார். ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு பூட்டும் கதவில் தாளம் போட்டன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். தறியிலிருந்து எழுந்து எங்கள் பின்னாலேயே வந்தவள், இத்தனை நேரமும் பின்வரிசையில் நின்றிருக்கிறாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. அப்பாவின் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனாள், அரைஞாண் கயிற்றைச் சாவியோடு சேர்த்து அறுத்தாள். அப்பா நல்ல கையால் அவள் வாயில் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் ஓடியது. அவள் துடைக்கவில்லை. குனிந்தாள், பூட்டைத் திறந்தாள், கழற்றித் தெருவில் போட்டாள்.

அத்தனை பேரும் உள்ளே பாய்ந்தார்கள். முந்தி நின்ற இடத்தில் கால் வேர் விட்டிருந்தவர்கள்தான். உத்திரத்தைத் தூக்கி அவனை வெளியே கொண்டுவந்தார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம். நான் கல்லெறிந்த காதுதானா என்று பார்த்தேன், தெரியவில்லை. முதுகுப் பை கிழிந்து அரிசி தெரு நெடுகச் சிந்தியது. பஞ்சு லோடு ஏற்றவந்த லாரி ஒன்றை மறித்து அவனை ஏற்றினார்கள். சம்சாரியும் ஏறினார்.

ஏறியவர் இறங்கினார். கதவிடம் திரும்பி வந்தார். தன் துருப்பிடித்த பூட்டை எடுத்து மேல் நாதாங்கியில் மாட்டிப் பூட்டினார். பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். பிறகு ஓடிப்போய் லாரியில் ஏறிக்கொண்டார். மதுரை போய்ச் சேருவதற்கு முன்பே மகன் போய்விட்டான்.

காரியம் முடிந்து பஞ்சாயத்து வைத்தார்கள். தலையும் மீசையும் மழித்து, மொட்டைத் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார் சம்சாரி. ஊர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. நானும் பரிதாபப்பட்டேன், அவர் வாயைத் திறக்கிற வரை. “பூட்டு அவுக எடுத்தது. ஊரே பாத்துச்சு” என்றார். தரகர் ஆமாம் என்று தலையாட்டினார். அச்சாரம் அவருக்கே என்று சொல்லிவிட்டார்கள். மாமா எழுந்தார், வெளியே போனார், கடப்பாரையோடு திரும்பிவந்தார். சம்சாரியின் முழங்கால் சில்லு உடைந்த சத்தம், தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரியே இருந்தது. மாமா பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனார். வரும்போது மூட்டை தூக்கத் தெம்பில்லாமல் வந்தார்.

மகன் செத்த வீட்டைப் பஞ்சு மில் முதலாளி வாங்கவில்லை. யாருமே வாங்கவில்லை. மழையில் கரைந்து குட்டிச்சுவராகி, இப்போது அங்கே வாட்டர் கேன் கடை இருக்கிறது. அந்தத் திண்டுக்கல் பூட்டு எங்கே போனதென்று தெரியாது. தெருவில் கிடந்ததை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாவி எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது.

நம் பெரியவர்கள் எத்தனையோ தப்புக் கணக்குப் போட்டவர்கள்தான். ஆனால் அந்த வருசம் போட்ட கணக்கை நான் மன்னிக்கவே மாட்டேன். அப்பன் விரலை உடைத்தவனுக்கு, தன் நகையைத் தூக்கிக் கொடுத்துக் கதவு திறந்தாளே, எதற்கு என்று ஊர் யோசித்தது. யோசித்து, அவளுக்கும் அவனுக்கும் ஏதோ இருந்திருக்கிறது என்று முடிவு கட்டியது. வேறு காரணம் இருக்க முடியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நகைக்காகக்கூடக் காத்திருக்கவில்லை, அந்தப் பேச்சே போதும் என்று எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள் காதிலும் யாராவது ஓதினார்கள். அப்பா குடித்த நாட்களில் அவள் முடியைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பார், தமிழில். “உனக்கும் அவனுக்கும் என்ன?” சாகிற வருசம், படுக்கையில் கிடந்தும் கேட்டார். அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கரண்டியை ஊட்டினாள். அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. தறி ஓட்டினாள், தறிகள் போன பிறகு என்னோடு இருக்கிறாள்.

நானும் இத்தனை வருசத்தில் ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்டால் ஊரோடு சேர்ந்தவளாகிவிடுவேனோ என்று பயம். போன வாரம், மகன் சாவி கிடைக்காமல் கத்திக் கத்திச் சோர்ந்து படுத்துவிட்ட பிறகு, வெங்காயத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

“எதுக்குக்கா தொறந்த?”

நாங்கள் தனியாக இருந்தால் தெலுங்கில்தான் பேசுவோம். அவள் தமிழில் சொன்னாள்.

“நான் என்ன ஒசத்தி? மத்தவுக மாதிரி நானுந்தான் நின்னேன். அவன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். யாராச்சும் தொறப்பாகன்னு பாத்துக்கிட்டே நின்னேன். என் சங்கிலியத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. அதுக்குப் பெறகுதான் சாவிய அறுத்தேன்.”

ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“சத்தம் இருக்கும்போதே தொறந்துருந்தா, சங்கிலி போனதுக்காச்சும் ஒரு அர்த்தம் இருந்துருக்கும்.”

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் மகனின் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். “காலையில குடு. இப்பக் குடுக்காத” என்றாள்.